பஸ்ஸுக்கு விழுந்த பச்சை

பேசாமல் இருந்தது போதும் என்று நினைக்கிறேன். ஹெலன் மேடம் உயிரோடு இருந்தபோது நான் வாயைத் திறந்திருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருக்காது. அதனாலேயே இத்தனை வருடம் பேசாமல் இருந்தேன். இப்போது பதில் சொல்ல அவர் இல்லை. பேசுவதற்கு இது நல்ல நேரமா, இதைவிட மோசமான நேரம் உண்டா என்பது எனக்குத் தெரியவில்லை.

செய்தி வந்தபோது வைட்ஃபீல்டில் என் அலுவலக வாசலில் கேபுக்காக நின்றுகொண்டிருந்தேன். அனுப்பியவர் பாஸ்கர். சிக்னல் பிரிவில் எங்களோடு வேலை பார்த்தவர், இன்றுவரை எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறவர். மேடத்தின் படம், சுற்றிலும் ரோஜாப்பூ, அடியில் அடக்க ஆராதனை நடக்கும் இடமும் நேரமும். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, எரிச்சல். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நான் வைத்திருந்தேன். கேட்காமலேயே வைத்திருந்தேன் என்பதும் உண்மைதான். அதற்குள் எப்படிப் போகலாம் என்று தோன்றியது. கேப் வந்து ஓட்டுநர் ஓடிபி கேட்டார். தப்பாகச் சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடியும் தப்பாகச் சொன்னேன். "சார், வேற யாருக்காவது புக் பண்ணியிருக்கீங்களா?" என்று சந்தேகமாகப் பார்த்தார்.

வீடு போய்ச் சேருவதற்குள் பழைய அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலிகள் குவிந்துவிட்டன. 'பஸ்ஸில் போகிறவனுக்குப் பச்சை விளக்குப் போட்டவர்' என்று ஒருவர். 'அவர் போட்ட கணக்கில்தான் இன்றும் பழைய மெட்ராஸ் ரோடு ஓடுகிறது' என்று இன்னொருவர். அந்தக் கணக்கைப் போட்டவன் நான். எழுதியவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். எழுதும்போது மறந்துவிட்டார்களா, இறந்தவரைப் பற்றி எழுதும்போது இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்களா தெரியவில்லை. "நீங்களும் ரெண்டு வரி எழுதுங்க சார், நல்லதா" என்று பாஸ்கர் தனியாகக் கேட்டார். அந்த 'நல்லதா' என்ற சொல்லை எனக்காகவே சேர்த்திருந்தார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹெலன் மேடம் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து அங்கேயே இருந்தவர். போக்குவரத்துப் பொறியாளர். நகரத்து சிக்னல்களை ஒன்றோடொன்று இசைய வைக்கும் வேலையை எடுத்திருந்த ஒரு தனியார் நிறுவனத்தில் எங்கள் பிரிவுக்குத் தலைவர். நான் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு அங்கே நேர்காணலுக்குப் போனேன். என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"இங்க எப்படி வந்தீங்க?"

"பைக்ல மேடம்."

"பஸ்ல வந்தா எந்த நம்பர்?"

தெரியவில்லை என்றேன். "அப்ப ஊரு தெரியாது, கணக்கு மட்டும் தெரியும். பரவாயில்ல டாக்டர், ஊரை நான் பார்த்துக்கறேன்" என்று சிரித்தார். வேலை கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டாக்டர், டாக்டர்தான். வெளியாட்கள் முன்னால்கூட. அது மரியாதையா கிண்டலா என்று என் மனைவி ஒரு தடவை கேட்டாள். இன்றுவரை நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

எங்கள் வேலையை விளக்குவது சுலபம். ஒரு சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பிய வண்டிகள் அடுத்த சிக்னலுக்குப் போய்ச் சேரும்போது அங்கேயும் பச்சை விழ வேண்டும். அதற்கடுத்ததிலும் அப்படியே. கிரீன் வேவ் என்பார்கள். எல்லாச் சிக்னலும் ஒரே கால அளவில் சுழல வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை வினாடி தள்ளிப் பச்சை போடுவது என்று கணக்குப் பார்க்க வேண்டும். அந்த வினாடிகள் எந்த வண்டிக்கு? எங்கள் சண்டை முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான். கார் நேரே போய்விடும். பஸ் நடுவில் நிறுத்தத்தில் நின்று ஆளை ஏற்றி இறக்கிவிட்டுத்தான் வரும். காருக்குப் போட்ட கிரீன் வேவில் பஸ் போனால் ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை முடிந்து சிவப்பு விழுகிற சமயத்தில் வந்து மாட்டிக்கொள்ளும்.

நான் காருக்குத்தான் போட்டேன். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றேன். மேடம் ஒரு நாள் காலையில் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போய் அல்சூரில் பஸ் ஏற்றினார். உட்கார இடமில்லை. என் கழுத்துப்பட்டை யாரோ ஒருவருடைய டிபன் பையில் சிக்கிக்கொண்டது. என் சிக்னல்கள் ஒவ்வொன்றாக எங்கள் முன்னால் சிவப்பாகின. ஒவ்வொரு தடவையும் மேடம் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆள், "இந்த சிக்னல்காரனுங்களைக் கொண்டாந்து இந்த பஸ்ல நிறுத்தணும் மேடம்" என்றார். "நிறுத்தியாச்சு" என்றார் மேடம். அந்த ஆளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை.

பிறகு அவர் கேட்டுக்கொண்டபடி பஸ்ஸுக்கும் ஒரு திட்டம் போட்டேன். நிறுத்தங்களில் ஆகும் தாமதத்தையெல்லாம் பார்த்து, பல வாரங்கள் திட்டிக்கொண்டே போட்டேன். இது பொறியியல் அல்ல, தர்ம காரியம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "தர்மத்தையும் சரியாக் கணக்குப் போட்டுச் செய்யுங்க டாக்டர்" என்றார். சரியாகத்தான் போட்டேன். இரண்டு திட்டங்களும் கட்டுப்பாட்டு அறையில் ஏற்றப்பட்டன. எதை ஓட்டுவது என்று திரையில் தேர்ந்தெடுத்தால் போதும்.

தேர்ந்தெடுப்பது பற்றி மேடத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அதை அவர் எல்லோருக்கும் சொல்லுவார், புதிதாக வருகிறவர்களுக்குத் தினமும் சொல்லுவார்: "ஓடிட்டிருக்கும்போது பிளான மாத்தாதே." ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சிக்னல்கள் அந்த நொடியே மாறிவிடாது. ஒவ்வொன்றும் தன் பச்சையைக் கொஞ்சம் நீட்டியோ குறைத்தோ, சில சுற்றுகளில் மெல்லப் புதிய தாளத்துக்கு வரும். அதுவரை பழையதும் இல்லை புதியதும் இல்லை, குழப்பம்தான். நெரிசலைப் பார்த்துப் பதறி யாராவது நடுவில் மாற்றிவிட்டால் அன்றைக்கு மேடத்தின் குரல் மாடிப்படிவரை கேட்கும். பாஸ்கர் ஒரு தடவை அழுதே விட்டார்.

எங்கள் வேலையைப் பார்வையிட அதிகாரிகள் வந்த நாளுக்கு வருகிறேன். அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அல்சூரிலிருந்து கிழக்கே, ஒரு சிவப்பிலும் நிற்காமல் போய்க் காட்ட வேண்டும். அது அவர்களுக்குப் பிடித்துப்போனால் வைட்ஃபீல்டு வரைக்கும் வேலையை நீட்டுவார்கள், அந்தப் பகுதிக்கு நான் தலைவன். இது ஏற்கெனவே பேசி முடித்தது. கார் திட்டத்தைத்தான் ஓட்டப்போகிறோம் என்பதும் பேசி முடித்தது. மேடம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார். நான் இன்னோவாவில் முன் இருக்கையில், பின்னால் பெரிய அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் சின்ன அதிகாரி. ஓட்டியவர் முருகேஷ், ஜோகுபாளையத்துக்காரர்.

முதல் பச்சையில் கிளம்பினோம். அடுத்த சிக்னலில் சிவப்பு. நின்றோம். பின்னால் ஒரு பஸ் நிதானமாக உருண்டு வந்தது. அது எங்கள் பக்கத்தில் வந்து சேருவதற்கும் பச்சை விழுவதற்கும் சரியாக இருந்தது. பஸ் நிற்காமலேயே போனது. நாங்கள் அதை முந்திக்கொண்டு போய் அடுத்த சிவப்பில் நின்றோம். மறுபடி அதே பஸ் வந்தது, மறுபடி பச்சை. ஜன்னலோரம் கொத்தமல்லிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் முதலில் எங்களைச் சாதாரணமாகப் பார்த்தார். அடுத்த தடவை அடையாளம் கண்டுகொண்டார். அதற்கடுத்த தடவை சிரித்தார்.

"இந்த பஸ்காரன் நம்மள விடமாட்டான் போல சார்" என்றார் முருகேஷ்.

எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்தது பஸ் திட்டம். நான் போட்டது, ஒரு வினாடி பிசகாமல் ஓடியது. ஒரு பொறியாளன் தன் கணக்கு அப்படி நிறைவேறுவதை வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் அதிர்ஷ்டம். நான் அதை ஒரு காரின் முன் இருக்கையில் வியர்த்துப்போய் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய அதிகாரி முன்னால் சாய்ந்து, "ஏன்ரீ டாக்ட்ரே, இதேனா உங்க கிரீன் வேவு?" என்றார். இதுதானா என்று கேட்கிறார். ஆமாம் என்பதா இல்லை என்பதா? இரண்டும் உண்மை.

பாதி வழிக்கு மேல் அந்த ஒழுங்கும் போனது. ஒரு சிக்னலில் பஸ்ஸும் நின்றது, நாங்களும் நின்றோம். அடுத்ததில் பச்சை விழுந்து கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. குறுக்குச் சாலையில் வண்டிகள் காரணமே இல்லாமல் நெடுநேரம் ஓடின. கருவிகளில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அதிகாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். பஸ்ஸுக்காவது அது வேலை செய்தது என்று சொல்வதற்கும் எனக்கு வழியில்லாமல் போனது.

திரும்பி வந்ததும் மேடத்திடம் கேட்டேன். "நீங்கதான் மாத்திப் போட்டீங்களா?"

"ஆமா. பஸ் பிளான் நான்தான் போட்டேன். கேட்டிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?"

"என்னை ஏன் அந்தக் கார்ல உட்கார வெச்சீங்க?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரிகள் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியை மறுபடி நான் கேட்கவே இல்லை. அவர் உள்ளே போய், தவறு முழுவதும் தன்னுடையது, டாக்டருக்கு இதில் சம்பந்தமில்லை என்று சொன்னாராம். அதையும் பாஸ்கர் சொல்லித்தான் தெரியும். சம்பந்தமில்லை என்று அவர் சொன்னது என்னைக் காப்பாற்றவா? அந்தச் சொல்தான் பிறகு நிலைத்துப்போனது. வைட்ஃபீல்டு வேலை நின்றது. நான் ராஜினாமா செய்தேன். அவர் மட்டும் விடாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, அதிகாரிகள் மாறியதும் புதியவர்களைப் பஸ்ஸிலேயே அழைத்துப்போய்க் காட்டி, அதே பஸ் திட்டத்தை நிரந்தரமாக ஓட வைத்தார். பத்திரிகைகள் எழுதின. விருது கொடுத்தார்கள். எங்கும் என் பெயர் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்றுதான் இந்த வருடங்களெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தத் திட்டத்தைத் தர்ம காரியம் என்று சொன்னவனும் நான்தான். ஒருவன் எதிர்த்து நின்ற வேலைக்கு அவனே பாராட்டுக் கேட்கலாமா? கணக்கு என்னுடையது, எண்ணம் அவருடையது. எண்ணம் இல்லாமல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் அந்த எண்ணம் ஒரு சிக்னலைக்கூடத் தாண்டியிருக்காது. இதை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் நான் நடுவில் எங்கேயோ போய் நின்றுவிடுகிறேன்.

அடக்கத்துக்குப் போனேன். போக வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன், ஆனாலும் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் தேவாலயம் நிரம்பி வாசலில் ஆட்கள் நின்றார்கள். மேடத்தின் தங்கை ரோஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கொயர்ல பாடினவர்தானே?" என்றார். இல்லை, அக்காவோடு வேலை பார்த்தவன் என்றேன். "அப்படியா. அவ ஆபீஸ் கதையே வீட்ல சொல்ல மாட்டா" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரு திட்டாவது அந்த வீட்டில் இருந்திருக்கும் என்று எண்ணியிருந்தேன் போலிருக்கிறது.

வாசலில் மஞ்சுநாத் நின்றுகொண்டிருந்தான். அன்று கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. காபி குடிக்கலாமா என்றான், போனோம். அந்த நாளைப் பற்றி நான் எதையும் கேட்கவில்லை, அவனாகவே ஆரம்பித்தான்.

"அன்னிக்கு மேடம் அழுத்தினது தப்பு சார். அவங்க ரூலை அவங்களே முறிச்சாங்க."

"தெரியும். பஸ் பிளான் போட்டாங்க."

"அது இல்ல சார். பஸ் பிளான் காலையிலேயே போட்டாச்சு, சூப்பரா ஓடுச்சு. நீங்க பாதி தூரம் போனப்புறம் கார் பிளானுக்கு மாத்துன்னாங்க. நான் சொன்னேன், மேடம், ஓடறப்ப மாத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்கன்னு. மாத்துப்பான்னு என் கையைத் தள்ளிட்டு அவங்களே அழுத்தினாங்க."

என் கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டேன். "எதுக்கு?"

"சிக்னல் கேமராவுல உங்க வண்டியை ஜூம் பண்ணிப் பாத்துட்டிருந்தாங்க சார். முன்னாடி சீட்ல நீங்க. 'டாக்டர் மூஞ்சியப் பாருப்பா'ன்னாங்க. அப்புறம்தான் மாத்தினாங்க."

"சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களா?"

நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொத்தில்ல சார், தெரியல. ஞாபகம் வரல. மேடம் எப்பவும் அப்படித்தானே பேசுவாங்க."

இதைத் தெரிந்துகொள்ளாமலேயே இருந்திருந்தால் என் கோபம் முழுசாக என்னிடம் இருந்திருக்கும். அவர் காலையில் செய்தது எனக்குத் தெரியாமல் செய்தது. அதை நான் மன்னிக்கவில்லை, இதை எழுதும்போதும் மன்னிக்கவில்லை. ஆனால் நடுவில் கை வைக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கே பஸ் திட்டம் ஜெயித்திருக்கும். கடைசிவரை அந்தப் பஸ் நிற்காமல் போனதை அதிகாரிகளுக்குக் காட்டி, பாருங்கள், எழுபது பேர் நிற்கவில்லை, நான்கு பேர் நின்றோம் என்று சொல்லியிருக்கலாம். நானேகூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் பல வருடமாக ஆசைப்பட்டது கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவரே பாதியில் கலைத்தார். மாற்றினால் இரண்டு திட்டமும் கெடும் என்று இந்த ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. தெரிந்தே அழுத்தினார். என் முகத்தில் அவர் எதைப் பார்த்தார்? பாவப்பட்டாரா, பயந்தாரா, நான் காரிலிருந்து இறங்கி எதையாவது கத்திவிடுவேன் என்று நினைத்தாரா? அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதை உற்றுப் பார்த்த ஒரே ஆள் போய்விட்டார்.

இவ்வளவு நாள் அவர் என்னைக் கெடுத்தார் என்று நினைத்திருந்தேன். இப்போது என்னால் அவர் கெட்டாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது. நடந்ததை அவர் என்னிடம் சொல்லவே இல்லை என்பது அதைவிடக் குடைகிறது. ராஜினாமாக் கடிதத்தை நான் நீட்டியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாங்கி வைத்துக்கொண்டு, "அங்க போயாவது பஸ்ல ஏறுங்க டாக்டர்" என்றார். அதற்காகவும் ஒரு வருடம் கோபப்பட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பதைச் சொல்ல வேண்டும். இப்போது ஒரு பெரிய நிறுவனத்தில் ஊழியர் வண்டிகளின் நேரத்தை வகுக்கும் வேலை பார்க்கிறேன். புதிய வழி எதுவானாலும் அந்த வண்டியில் ஏறி, முடிந்தால் நின்றுகொண்டு, கடைசிவரை போய்ப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். அவரிடம் கற்றேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து பஸ்ஸை நிமிர்ந்து பார்க்கிற பழக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றாதே என்ற அவருடைய சட்டமும் என்னிடம் இருக்கிறது. அதை அவர் மீறியதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அதையும் வைத்துக்கொள்கிறேன்.

ரோஸியின் மகள் மேடத்துக்காக இணையத்தில் ஒரு நினைவுப் பக்கம் ஆரம்பித்து எல்லோரையும் எழுதச் சொல்லியிருக்கிறாள். இதை அங்கே போடப்போகிறேன். பாஸ்கர் கேட்ட மாதிரி நல்லதாக வந்திருக்கிறதா தெரியாது. எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே என் பெயரைப் போட்டேன், கணக்குப் போட்டவன் யார் என்பது ஊருக்குத் தெரியட்டும் என்று. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் அந்தப் பெயரோடு இது அஞ்சலியாக இல்லை, மனுவாக இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டால் மனு போய்விடுகிறது, ஒரு பெண்மணி ஒரு திரையில் யாரோ ஒருவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சட்டத்தைத் தானே முறித்தது மட்டும் மிஞ்சுகிறது. அது எனக்காகச் செய்ததா என்று தெரியாமல் அதன் கீழே என் பெயரை எழுத முடியவில்லை. படிக்கிறவர்களில் சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும். எழுதியவர் பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டே அனுப்புகிறேன்.